டூ ஸ்ட்ரோக் மிரட்டும், இப்போதைய வண்டி மிரட்டாது

தண்டையார்பேட்டையில் பைக் மெக்கானிக் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு வருபவர்களில் இரண்டு கட்சி உண்டு. நாற்பத்தைந்து தாண்டியவர்கள் "ஆர்எக்ஸ் 100 மாதிரி இனிமே ஒரு வண்டி வருமா?" என்று பெருமூச்சு விடுவார்கள். இருபது வயதுப் பையன்கள் போனை நீட்டி டாப் ஸ்பீடு வீடியோ காட்டுவார்கள். இரண்டு கட்சிக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: பழைய வண்டி எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதை உங்கள் உடம்புக்கே சொல்லிவிடும், இப்போதைய வண்டி சொல்லாது.

கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். 1985-இல் வந்த யமஹா ஆர்எக்ஸ் 100 வெறும் 98 சிசி, 11 குதிரைத்திறன், எடை சுமார் 100 கிலோ. அதற்கு முன்பே 1983-இல் வந்தது ராஜ்தூத் 350, யமஹா ஆர்டி350-இன் இந்திய வடிவம். 347 சிசி, இரண்டு சிலிண்டர், முதலில் வந்ததில் 30.5 குதிரைத்திறன், பிறகு மைலேஜுக்காக 27-க்கு இறக்கினார்கள். அத்தனை பவருக்கும் முன்னும் பின்னும் டிரம் பிரேக். நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்கும்.

இரண்டுமே டூ ஸ்ட்ரோக் வண்டிகள். டூ ஸ்ட்ரோக் ஏன் மிரட்டுகிறது என்று புரிந்துகொள்ள அதன் உள்ளே பார்க்க வேண்டும். ஃபோர் ஸ்ட்ரோக் மாதிரி ஹெட்டில் வால்வு கிடையாது, பிஸ்டனே ஏறி இறங்கி சிலிண்டர் சுவரில் உள்ள போர்ட் என்ற துளைகளைத் திறந்து மூடும். இன்ஜினின் கிராங்க் தண்டு சுற்றும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பவர் ஸ்ட்ரோக், அதாவது பெட்ரோல் எரிந்து பிஸ்டனைத் தள்ளும் உதை, ஃபோர் ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒன்று. சைலன்சர் வெறும் சத்தம் குறைக்கும் குழாய் இல்லை. அதன் வயிறு பெருத்த வடிவத்தில் மோதித் திரும்பி வரும் அழுத்த அலை, வெளியே நழுவப் பார்க்கும் புது பெட்ரோலை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளும், ஆனால் அந்த அலை சரியான நேரத்துக்கு வந்து சேர்வது இன்ஜின் ஒரு குறிப்பிட்ட ஆர்பிஎம் வரம்பில், அதாவது சுழற்சி வேகத்தில், இருக்கும்போது மட்டும்தான். அதனால்தான் கீழே மந்தமாக இருக்கும் வண்டி திடீரென்று பிடித்து இழுக்கும். அந்த நொடியில் சத்தம் மாறும், கண்ணாடியில் பின்னால் வரும் லாரி கலங்கும், ஃபுட்ரெஸ்டில் கால் கூசும். போதாததற்கு ஆக்சிலேட்டரை விட்டால் இன்ஜின் பிரேக்கிங் என்று பெரிதாக எதுவும் இருக்காது. ஆயில் குறைந்தால் பிஸ்டன் ஜாம் ஆகிப் பின் வீல் அப்படியே லாக் ஆகிவிடும். அதற்காகத்தான் பழைய ஆட்கள் எப்போதும் இரண்டு விரலைக் கிளட்ச் மேலேயே வைத்து ஓட்டினார்கள். பயந்து பயந்துதான் ஓட்டினோம், அந்தப் பயம் ஓரளவு காப்பாற்றியது.

அலையையும் மீறிக் கொஞ்சம் பெட்ரோல் எரியாமலே வெளியே போனது, கூடவே ஆயில் புகை. புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுக இறுக டூ ஸ்ட்ரோக்குக்கு இடம் இல்லாமல் போனது. ஆர்எக்ஸ் 100 1996-இல் நின்றது, அதன் வாரிசான ஆர்எக்ஸ் 135 2005 வரை இழுத்துப் பிடித்தது. ரேஸ் உலகத்திலும் அதே கதைதான். 2002-இல் மோட்டோஜிபிக்குள் 990 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் வந்ததும் 500 சிசி டூ ஸ்ட்ரோக் சீக்கிரமே காணாமல் போனது.

சரி, இப்போதைய வண்டிக்கு வருவோம். 2008-இல் யமஹாவின் முதல் ஆர்15, 150 சிசியில் 17 குதிரைத்திறன், ஃப்யூயல் இன்ஜெக்ஷன், தண்ணீரில் குளிரும் இன்ஜின். 2013-இல் கேடிஎம் 390 டியூக், 373 சிசி, ஒரே சிலிண்டர், சுமார் 43 குதிரைத்திறன். அதாவது ராஜ்தூத்தை விட நல்ல கூடுதல், அதுவும் ஒரு கல்லூரிப் பையன் தவணையில் எடுக்கிற வண்டியில். அதிர்வை பேலன்சர் ஷாஃப்ட் விழுங்கிவிடுகிறது. கியரைத் தப்பாகக் குறைத்தால் ஸ்லிப்பர் கிளட்ச் சமாளிக்கிறது. பின் வீல் சுழன்றால் டிராக்ஷன் கன்ட்ரோல் பவரைக் குறைக்கிறது. எல்லாமே நல்லதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் 100-இல் போகும்போது 60-இல் போகிற மாதிரியே இருக்கும். 100-இல் ஒரு நொடிக்கு 28 மீட்டர் தாண்டுவீர்கள். பிரேக் பிடித்து நிற்க 60-இல் தேவைப்படும் தூரத்தைப் போல ஏறக்குறைய 3 மடங்கு தேவை. வண்டி எவ்வளவு சாதுவாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

அமைதியாக வேலை செய்யும் பாகங்கள் கெட்டாலும் அமைதியாகத்தான் கெடும். இதைத்தான் கடையில் தினமும் பார்க்கிறேன். சமீபத்தில் ஒரு பையன் செயின் டைட் பண்ண வந்தான். மீட்டரில் ஏபிஎஸ் லைட் அணையவே இல்லை. ஏபிஎஸ் என்பது பிரேக் பிடிக்கும்போது வீல் லாக் ஆகாமல் பார்த்துக்கொள்ளும் அமைப்பு.

"எவ்ளோ நாளா எரியுது தம்பி?"

"அது ரொம்ப நாளா எரியுதுண்ணா, வண்டி நல்லாத்தான் ஓடுது."

பின் வீலில் பல் பல்லாக ஒரு வளையம் இருக்கும், அதன் பக்கத்தில் சின்ன சென்சார். இரண்டுக்கும் நடுவில் துருவும் சேறும் சேர்ந்து கட்டி தட்டியிருந்தது. எண்ணூர், காசிமேடு பக்கம் உப்புக் காற்றில் வண்டி நிற்பவர்களுக்கு இது சீக்கிரமே வரும். அதைக்கூட சுத்தம் செய்துவிடலாம், வீலிங் பழக வேண்டும் என்று ஃபியூஸையே பிடுங்கிவிட்டு வருபவர்களை என்ன செய்வது? 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு 2019 ஏப்ரலிலிருந்து ஏபிஎஸ் கட்டாயம். காசு கொடுத்து வாங்கிய பாதுகாப்பு அது.

சாவி போட்டதும் அந்த லைட் எரிய வேண்டும், வண்டி கொஞ்சம் நகர்ந்ததும் அணைய வேண்டும். அணையவில்லை என்றால் ஏபிஎஸ் வேலை செய்யவில்லை. எரியவே இல்லை என்றால் யாரோ கை வைத்திருக்கலாம், செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது இதை முதலில் பாருங்கள். அப்புறம் பிரேக் ஆயில். அது காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும், ஈரம் ஏறினால் தொடர்ந்து பிரேக் பிடிக்கும்போது கொதித்து லீவர் கைப்பிடி வரை வந்துவிடும். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். டப்பாவில் கடுங்காபி நிறத்தில் இருந்தால் நான் கேட்காமலே மாற்றச் சொல்லிவிடுவேன். டயர் பக்கவாட்டில் நான்கு எண் இருக்கும், 2319 என்றால் 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செய்தது. டயரின் பட்டன் தேயாமல் நன்றாக இருக்கிறதே என்று ஏழு வருஷ டயரில் போகிறவர்கள் நிறைய. அழகுக்காக அகல டயர் போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை: அதே ரிம்மில் அகல டயர் போட்டால் டயர் குறுகி அதன் வளைவு மாறிவிடும், வளைவில் வண்டி படுக்கும் விதமும் மாறிவிடும்.

நம்ம பக்கத்து ரோட்டையும் சேர்த்து யோசிக்க வேண்டும். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரி வரிசை, ஓரத்தில் மணல், நடுவில் சிந்திய டீசல். மணலில் ஏபிஎஸ் வண்டியை நிமிர்ந்து நிற்க வைக்கலாம், ஆனால் நிற்கும் தூரம் கூடத்தான் செய்யும். வண்டியைச் சாய்த்தபடி பிரேக் பிடித்தாலும் பார்த்துக்கொள்ளும் கார்னரிங் ஏபிஎஸ் விலை கூடிய சில வண்டிகளில்தான் உண்டு, சாதாரண ஏபிஎஸ் நேராகப் போகும்போது உதவுவதற்கு. வேகம் வடசென்னைக்குப் புதிது இல்லை. சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் பல வருஷம் ரேஸ் நடந்தது, பிறகு இருங்காட்டுக்கோட்டைக்குப் போனது. அங்கெல்லாம் எதிரே கன்டெய்னர் வராது.

பெற்றோருக்கு: கியர் வண்டி லைசென்ஸில் 100 சிசிக்கும் 1000 சிசிக்கும் தனிப் பிரிவு இல்லை, சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று இருக்க வேண்டாம். பதினெட்டு ஆகாத பையன் ஓட்டிப் பிடிபட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ பிரிவில் பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 வருஷம் வரை சிறையும், வண்டிப் பதிவு 12 மாதம் ரத்து, பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது.

கடைசியாக என் வயசுக்காரர்களுக்கு. பிள்ளைகள் தலையெடுத்த பிறகு ஆசைக்கு ஒரு பெரிய வண்டி எடுக்கிறீர்கள், சந்தோஷம். ஆனால் கை இன்னும் டிரம் பிரேக் கையாகவே இருக்கிறது. விட்டு விட்டுப் பிடிப்பீர்கள், ஏபிஎஸ் வேலை செய்து லீவர் துடித்தால் ஏதோ உடைந்துவிட்டது என்று பதறிக் கையை எடுத்துவிடுவீர்கள். எடுக்கக் கூடாது, அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஆள் இல்லாத காய்ந்த ரோட்டில், ஹெல்மெட்டோடு, பின்னால் யாரும் வரவில்லை என்று பார்த்துவிட்டு, 30-இல் நேராகப் போய் நன்றாக அழுத்திப் பாருங்கள், அந்தத் துடிப்பு கைக்குப் பழகும் வரை.