விர்ச்சுவல் மெஷின் கன்சோல்: யாருக்கெல்லாம் திறந்திருக்கிறது?

நெட்வொர்க் அமைப்பில் ஒரு வரி தவறினால் போதும், விர்ச்சுவல் மெஷினுக்குள் (ஒரு சர்வருக்குள் மென்பொருளாக ஓடும் தனிக் கணினி) எஸ்எஸ்எச் வழியாக, அதாவது நெட்வொர்க் மூலமாக, நுழைய முடியாது. அப்போது கைகொடுப்பது கன்சோல்தான். மெஷினின் திரையும் கீபோர்டும் நேராக நம்மிடம் வந்துவிடும். உள்ளே இருக்கும் ஃபயர்வால் தடுக்காது. நமக்குத் தடையில்லை என்றால் வேறொருவருக்கும் இல்லை.

கேவிஎம் (லினக்ஸில் விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் வசதி) கிளஸ்டர்களில், அதாவது பல சர்வர்கள் சேர்ந்த அமைப்புகளில், நான் அடிக்கடி பார்க்கும் தவறு இது. மெஷின்களை நிர்வகிக்கும் லிப்விர்ட், கன்சோல் திரையை நெட்வொர்க்கில் அனுப்பும் விஎன்சியை இயல்பாக 127.0.0.1-இல், அதாவது அதே சர்வருக்குள் மட்டும்தான் திறக்கும். கிளஸ்டரிலோ, நம் பிரவுசரைக் கன்சோலோடு இணைக்கும் ப்ராக்ஸி வேறு சர்வரில் இருக்கும். அதனால் மெஷின் ஓடும் சர்வரின் ஐபியை மெஷினின் அமைப்பிலேயே எழுதிவிடுகிறோம். சரி, கன்சோல் வந்துவிட்டது. அப்புறம் ஒருநாள் லைவ் மைக்ரேஷன் (ஓடும் மெஷினை நிறுத்தாமலே வேறு சர்வருக்கு மாற்றுவது) செய்தால் அது பாதியில் நிற்கும். எழுதிய ஐபியும் மெஷினோடு சேர்ந்து போகிறது, போன இடத்தில் அந்த ஐபி கிடையாது. அவசரத்தில் 0.0.0.0 (எல்லா ஐபியிலும் திற என்று பொருள்) என்று மாற்றுகிறோம். மைக்ரேஷன் நடந்துவிடும். ஆனால் 5900 தொடங்கி மெஷினுக்கு ஒரு போர்ட் (இணைப்பு எண்) வீதம், சர்வரின் எல்லா நெட்வொர்க்கிலும் திறந்துவிடும்.

0.0.0.0 போடுவதே கூடாது என்று சொல்லமாட்டேன். போட்ட கையோடு, அந்த போர்ட்களை ப்ராக்ஸிக்கு மட்டும் அனுமதிக்கும்படி சர்வரின் ஃபயர்வாலில் எழுதிவிடுங்கள். விஎன்சி பாஸ்வேர்ட் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். அதில் 8 எழுத்துகளுக்கு மேல் பயனில்லை. டிஎல்எஸ் என்னும் குறியாக்கம் போடாவிட்டால் திரையில் வருவதும் நாம் தட்டுவதும் மறைக்கப்படாமலே போகும்.

ஒருமுறை, பூட் ஆகும்போது வரும் செய்தியைப் பார்க்க ஒரு டேட்டாபேஸ் மெஷினின் கன்சோலைத் திறந்தேன். லாகின் கேட்கவில்லை. நேராக ரூட் (முழு அதிகாரமுள்ள கணக்கு) ப்ராம்ட் நின்றது. எப்போதோ யாரோ உள்ளே போய், வேலை முடிந்ததும் பிரவுசர் டேபை மட்டும் மூடியிருக்கிறார்கள். டேபை மூடினால் லாக்-அவுட் ஆகாது. அடுத்து திறப்பவர் கையில் ரூட் இருக்கும். அன்றிலிருந்து எல்லா மெஷின்களிலும் ஷெல்லுக்கு (கட்டளை தட்டும் இடம்) 10 நிமிட டைம்-அவுட் வைக்கிறேன்; அவ்வளவு நேரம் சும்மா இருந்தால் தானே லாக்-அவுட் ஆகிவிடும்.

எழுத்து மட்டும் வரும் சீரியல் கன்சோலுக்கு, மெஷினின் கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) அமைப்பில் சீரியல் போர்ட்டைக் குறிப்பிட்டிருக்க வேண்டும், அதில் லாகின் சேவையும் ஓட வேண்டும். இல்லையென்றால் இணைப்பு கிடைக்கும், திரை மட்டும் வெறுமையாக இருக்கும். அது அவசர நேரத்தில்தான் தெரியவரும் என்பதால், புதிய டெம்ப்ளேட் (மெஷின்களை உருவாக்க உதவும் மாதிரி) செய்யும்போதெல்லாம் அதன் நெட்வொர்க்கை நானே துண்டித்து, கன்சோல் வழியாக ஒருமுறை லாகின் செய்து பார்த்துவிடுகிறேன்.