குழந்தைக்கு டைப் 1 சர்க்கரை நோயா? கடலூர், புதுச்சேரிப் பெற்றோர் கேட்டு வாங்க வேண்டியவை

கடலூர் மாவட்டத்தில் ஆண்டுக்கு எத்தனை குழந்தைகளுக்குப் புதிதாகச் சர்க்கரை நோய் வருகிறது? இதை யாரிடம் கேட்பது என்பதே தெரியாத நிலையில்தான் இருக்கிறோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் 2006-ல் தொடங்கிய இளம்வயது நீரிழிவுப் பதிவேட்டின்படி லட்சம் பேருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 5 பேர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சென்னையில் எடுத்த கணக்கு 10.5 என்றது. கர்நாடகத்தில் 4-ஐ ஒட்டி வந்தது. கணக்கெடுக்கும் விதம் ஊருக்கு ஊர் மாறுகிறது என்பது ஒரு காரணம். சர்க்கரை என்று தெரியாமலே இறந்துபோகும் குழந்தை எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை என்பதையும் சேர்த்துத்தான் இந்த எண்களைப் படிக்க வேண்டும்.

எண்ணிக்கையைப் பற்றி இவ்வளவு போதும். உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு வந்திருக்கிறது என்றால், அடுத்து என்ன செய்வது என்பதுதான் பேச்சு.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். டைப் 1 என்பது உடலே இன்சுலின் சுரப்பதை நிறுத்திவிடும் நோய், அதை ஊசியாகத்தான் கொடுக்க வேண்டும். அந்தக் குழந்தை அரசுத் திட்டங்களின் இடுக்கில் விழுந்துவிடுகிறது. பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வண்டியில் வந்து பார்க்கும் குழந்தைகள் நலத் திட்டம் 2013-ல் வந்தது. பிறந்ததிலிருந்து 18 வயது வரைக்குமானது. அதன் அடிப்படைப் பட்டியலில் 30 குறைபாடுகள் உண்டு, சர்க்கரை நோய் இல்லை. தொற்றா நோய்த் திட்டத்தில் சர்க்கரை உண்டு, ஆனால் வீடு வீடாகத் தேடுவது 30 வயதுக்கு மேற்பட்டவர்களை. 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021-லிருந்து வீட்டுக்கே மருந்து கொண்டுவருகிறது. அந்தப் பை பெரியவர்களின் பிபி, சுகர் மாத்திரைகளை நினைத்துக் கட்டியது. பத்து வயதுப் பிள்ளையின் இன்சுலினுக்காக யாரும் கதவைத் தட்டுவார்கள் என்று காத்திருக்காதீர்கள். நீங்களாகப் போய்க் கேட்டால்தான் உண்டு.

கேட்கப் போகும்போது என்ன நடக்கும் என்பதைப் பல குடும்பங்களோடு போய்ப் பார்த்திருக்கிறேன். கிராமத்து சுகாதார நிலையத்தில், "சின்னப் பிள்ளைக்கு சுகரா? பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கம்மா" என்பார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தைகள் பிரிவில், "பன்னிரண்டு முடிஞ்சிடுச்சே, பொது மருத்துவத்துல பாருங்க" என்பார்கள். அங்கே போனால், "இதைச் சர்க்கரை நோய்ப் பிரிவு நடக்கிற நாள்லதான் பார்ப்போம்" என்று பதில் வரும். இதற்குள் இன்சுலின் குப்பி காலியாகிவிடும். பெரியவர்களுக்கு மாத்திரை ஒரு நாள் தவறினால் சமாளிக்கலாம். டைப் 1 குழந்தைக்கு இன்சுலின் நின்றால் ஓரிரு நாளிலேயே உயிருக்கு ஆபத்து. இதை ஓபி சீட்டு போடும் இடத்திலேயே, தயங்காமல், சத்தமாகச் சொல்லுங்கள்.

இந்த அலைச்சலைக் குறைக்க ஒரே ஒரு தாள்தான் பெரிய உதவி. குழந்தையை முதல்முறை சேர்த்துச் சிகிச்சை கொடுத்து அனுப்பும்போது தரும் டிஸ்சார்ஜ் சம்மரியில் 'டைப் 1 நீரிழிவு, வாழ்நாள் முழுதும் இன்சுலின் தேவை' என்று மருத்துவர் கையெழுத்தோடும் முத்திரையோடும் இருக்க வேண்டும். வெறும் 'டயாபடிஸ்' என்று எழுதிய சீட்டோடு அனுப்பினால் வாங்காதீர்கள். இந்த ஒரு எண், 1, இல்லாததால் மருந்தகத்தில் மாத்திரையைக் கையில் கொடுத்து அனுப்பிய குடும்பத்தை நான் அறிவேன். டைப் 1-க்கு மாத்திரை மாற்று அல்ல. அந்தத் தாளை ஐந்து பிரதி எடுத்து வையுங்கள். அசலை எந்த அலுவலகத்திலும் விட்டுவிட்டு வராதீர்கள்.

இனி காப்பீட்டு அட்டை. தமிழக முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. பெரும்பாலோர் ஏமாறும் இடம் இதுதான்: அது படுக்கையில் சேர்ந்து எடுக்கும் சிகிச்சைக்கு. மாதாமாதம் வாங்கும் இன்சுலினுக்கோ, ஊசிக்கோ, சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப்புக்கோ அல்ல. "கார்டு இருக்கே" என்று தனியார் மருந்துக்கடையில் நீட்டிவிட்டுத் திரும்பிவந்தவர்கள் நிறைய. இரண்டாவது பொறி ரேஷன் கார்டு. பிள்ளையின் பெயர் குடும்ப அட்டையில் சேர்க்கப்படாமல் இருந்தால், அவசரத்துக்குச் சேர்க்கும் இரவில் காப்பீட்டு மேசையில் அதைத்தான் முதல் தடையாகக் காட்டுவார்கள். பெயர் சேர்ப்பதை நோய் வந்த பிறகு அல்ல, இன்றைக்கே இ-சேவை மையத்தில் முடித்துவிடுங்கள்.

மாதாந்திர இன்சுலின் அரசு மருத்துவமனையில் காசில்லாமல் வாங்க வேண்டியது. கடலூர் அரசு தலைமை மருத்துவமனை, சிதம்பரத்தில் முன்பு ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாக இருந்து இப்போது அரசு மருத்துவக் கல்லூரியாகிவிட்ட மருத்துவமனை, புதுச்சேரியில் கதிர்காமம் அரசு மருத்துவக் கல்லூரி, எல்லைப்பிள்ளைச்சாவடி ராஜீவ் காந்தி மகளிர், குழந்தைகள் மருத்துவமனை, ஜிப்மர். இவற்றில் ஒன்றைப் பிடித்து அதிலேயே தொடர்ந்து போங்கள். இடம் மாறினால் சீட்டும் கணக்கும் முதலிலிருந்து தொடங்கும். ரெட்டிச்சாவடி, தூக்கணாம்பாக்கம் பக்கத்தார் பேருந்து வசதிக்காகப் புதுச்சேரிக்குப் போவது இயல்பு. ஜிப்மர் மத்திய அரசு நிறுவனம், தமிழ்நாட்டார் போகலாம். ஆனால் தமிழ்நாட்டுக் காப்பீட்டு அட்டையை நம்பி எல்லை தாண்டிச் சேர்க்கப்போகிறீர்கள் என்றால், சேர்ப்பதற்கு முன்பே அங்குள்ள காப்பீட்டு மேசையில் கேட்டுவிடுங்கள். புதுச்சேரியில் "சிவப்புக் கார்டா, மஞ்சள் கார்டா" என்ற கேள்வி எங்கும் எழும். சிவப்பு ரேஷன் கார்டு வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு, மஞ்சள் மேலே இருப்பவர்களுக்கு. மஞ்சள் கார்டு என்பதற்காக ஓபிக்கே போகாமல் இருந்துவிடாதீர்கள்.

"ஸ்டாக் இல்லை" என்றால் சும்மா திரும்பாதீர்கள். இருப்பு இல்லை என்று சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதச் சொன்ன உடனே உள்ளே போய்த் தேடுவதும் உண்டு. இல்லையென்றால் இருப்பிட மருத்துவ அலுவலரைப் பாருங்கள், அங்கிருந்தபடியே 104 சுகாதார உதவி எண்ணுக்குப் பேசுங்கள். தமிழ்நாட்டில் முதல்வரின் உதவி எண்ணான 1100-லும் புகார் பதியலாம். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் கொடுக்கும் மனுவில் அந்தச் சீட்டின் பிரதியை இணைத்தால் மனுவுக்குக் கனம் கூடும். கடைசிக் குப்பியைத் திறக்கும் அன்றே அடுத்ததற்குப் போய்விடுவது நல்லது.

மருந்து கைக்கு வந்த பிறகும் ஓர் ஆபத்து இருக்கிறது, இதை யாரும் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை. அரசு மருத்துவமனையில் தரும் குப்பி பெரும்பாலும் 40 யூனிட் வகை, அதாவது ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி ஊசி. பேனாவில் போடும் கார்ட்ரிஜ் 100 யூனிட் வகை. 100 யூனிட் ஊசிக்கு ஆரஞ்சு மூடி. பேனா பழுதாகி, கார்ட்ரிஜிலிருந்து சிவப்பு மூடி ஊசியில் 10 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 25 யூனிட். குழந்தை மயங்கிவிடும். மாற்றி, 40 குப்பிக்கு ஆரஞ்சு ஊசி போட்டால் 10-க்குப் பதில் 4 யூனிட்தான் போகும், சர்க்கரை ஏறிக்கொண்டே இருக்கும். குப்பியின் எண்ணையும் ஊசியின் எண்ணையும் ஒவ்வொரு முறையும் சேர்த்துப் பாருங்கள். பள்ளி விடுமுறைக்குப் பாட்டி வீட்டுக்கு அனுப்பும்போது பாட்டிக்கும் இதைக் காட்டிக்கொடுங்கள்.

ஆரம்பித்த சில வாரங்களில் இன்சுலின் தேவை குறையலாம். நோய் போய்விட்டது என்று அர்த்தமில்லை, தற்காலிகம்தான். சரியாக அந்த நேரத்தில் "நாட்டு மருந்தில் குணமாக்குகிறேன்" என்று வருபவர்களை நம்பி ஊசியை நிறுத்தாதீர்கள்.

ஊனமுற்றோர் சான்றுக்கு அலைபவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2016 சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஹீமோபிலியா, தலசீமியா உண்டு, டைப் 1 இல்லை. வாங்கித் தருகிறேன் என்று காசு கேட்கும் இடைத்தரகரிடம் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

பள்ளி இன்னொரு தலைவலி. ஊசி போடும் பிள்ளையை "வீட்டிலேயே வச்சுக்குங்க" என்று சொல்ல எந்தத் தலைமையாசிரியருக்கும் உரிமை கிடையாது. வகுப்பில் சர்க்கரை பார்க்க, ஊசி போட, இடையில் சிற்றுண்டி சாப்பிட அனுமதிக்க வேண்டும் என்று தேசியக் குழந்தைகள் உரிமை ஆணையம் 2023-ல் மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. மருத்துவச் சான்றோடு கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்குங்கள். மறுத்தால் முதன்மைக் கல்வி அலுவலருக்கு மனு, அடுத்தது 1098 குழந்தைகள் உதவி எண். புதுச்சேரி அரசுப் பள்ளிகள் இப்போது சிபிஎஸ்இ. அந்த வாரியம் 2017-லேயே பொதுத்தேர்வு அறைக்குள் இனிப்பு மாத்திரை, சாக்லேட், வாழைப்பழம், சிற்றுண்டி, தண்ணீர் கொண்டுபோக அனுமதித்துவிட்டது. ஆனால் பள்ளி முன்கூட்டியே தெரிவித்திருக்க வேண்டும். தேர்வன்று வாசலில் வாதாடி வெல்ல முடியாது. தமிழ்நாட்டு வாரியத்தில் படிப்பவர்களும் காலாண்டு முடிந்ததுமே தலைமையாசிரியர் வழியாக எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

இன்னும் நோய் கண்டறியப்படாத பிள்ளைகள் இருக்கிறார்கள். அடிக்கடி சிறுநீர், தீராத தாகம், மெலிவு, நின்றுபோன படுக்கை நனைத்தல் திரும்புவது. பிறகு வாந்தி, வயிற்றுவலி, வேகமான மூச்சு. இதை வயிற்றுக் கோளாறு, வீசிங் என்று நினைத்து டிரிப் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். விரலில் ஒரு சொட்டு ரத்தம், ஒரு நிமிடம். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்க்கலாம். "சுகர் பார்த்தீங்களா சார்?" என்று கேளுங்கள். அதிகம் என்று வந்தால் மறுநாளுக்குத் தள்ளாமல் அப்போதே 108.

மாவட்ட எண்ணிக்கை வேண்டும் என்பவர்கள் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, உங்கள் மாவட்ட அரசு மருத்துவமனைகளில் 18 வயதுக்குட்பட்ட எத்தனை பேர் இன்சுலின் வாங்குகிறார்கள், கடந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்தவர் எத்தனை, எத்தனை நாள் இருப்பு இல்லாமல் போனது என்று மூன்று கேள்வி கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.