ஸ்கோப், மெம்பர்: எல்லையும் உறுப்பும்

ஜாவா நிரல்மொழியில் 'கணக்கு' என்று ஒரு வகுப்பு (கிளாஸ், அதாவது ஆப்ஜெக்டுகளை வார்க்கும் அச்சு) எழுதுகிறோம். அதற்குள் 'இருப்பு' என்று ஒரு முழு எண் மாறி (வேரியபிள்). புதிய கணக்கை உருவாக்கும்போது ஓடும் பகுதியான கன்ஸ்ட்ரக்டரும் 'இருப்பு' என்ற அதே பெயரில் ஒரு மதிப்பை வாங்கிக்கொள்கிறது. உள்ளே ஒரே வரி: இருப்பு = இருப்பு. நிரல் பிழை எதுவும் காட்டாமல் ஓடுகிறது. 500 கொடுத்துக் கணக்கை உருவாக்கிவிட்டு இருப்பைக் கேட்டால் 0 என்கிறது.

எங்கே போயிற்று அந்த 500? விடை 'ஸ்கோப்' என்ற சொல்லில் இருக்கிறது.

கிரேக்கத்தில் 'ஸ்கோபோஸ்' என்றால் இலக்கு. கூர்ந்து பார்ப்பவர், காவல் பார்ப்பவர் என்றும் பொருள். டெலஸ்கோப், மைக்ரோஸ்கோப் எல்லாம் அதே வேரில் கிளைத்தவைதான். இத்தாலியத்தில் 'ஸ்கோப்போ' என்றால் நோக்கம். நம் 'நோக்கு' பார்வையாகவும், 'நோக்கம்' குறிக்கோளாகவும் ஆனதைப் போலவே அங்கும் நடந்திருக்கிறது. ஆங்கிலத்துக்குப் போன பிறகு, ஒன்று எட்டும் பரப்பு என்ற பொருள் வந்து சேர்ந்தது. நிரலாக்கத்தில் 1960இல் வந்த அல்கால் 60 மொழியின் அறிக்கையே இதைத் தெளிவாக வரையறுத்துவிட்டது: ஒரு பெயரின் அறிவிப்பு எந்தெந்தக் கூற்றுகளில் செல்லுமோ, அவையே அதன் ஸ்கோப்.

தமிழில் இதற்கு 'செயல்பரப்பு', 'வரையெல்லை' என்றெல்லாம் எழுதுகிறோம். செயல்பரப்பு எனக்குச் சரியாகப் படவில்லை. இங்கே பேச்சு செயலைப் பற்றியது அல்ல, பெயரைப் பற்றியது. 'வீச்சு' என்றால் இயற்பியலின் அலைவீச்சோடு குழம்பும். வெறும் 'எல்லை' போதும். விளிம்பை மட்டுமா, விளிம்புக்கு உட்பட்ட இடத்தையும் அது குறிக்கும். 'எல்லைக்குள்' என்று இயல்பாகச் சொல்கிறோமே! இன்னொன்றும் உண்டு. 'எல்' என்றால் ஒளி. 'எல்லையும் இரவும்' என்று புறநானூற்றில் வரும்போது எல்லை என்பது பகல். பார்வையில் பிறந்த சொல்லுக்கு, வெளிச்சத்தையும் குறித்த சொல் இணையாக அமைவது எவ்வளவு அழகு!

அப்புறம் 'மெம்பர்'. இதை 'உறுப்பினர்' என்று மொழிபெயர்ப்பதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. உறுப்பினர் உயர்திணை, சங்கத்திலும் அவையிலும் இருப்பவர். நிரலில் மெம்பர் எனப்படும், வகுப்புக்குள் இருக்கும் மாறியும் செயற்கூறும் (ஃபங்ஷன்) அஃறிணை. லத்தீனில் 'மெம்ப்ரும்' என்றாலே கை, கால் போன்ற உடல் உறுப்புதான். பகுபத உறுப்பு, செய்யுள் உறுப்பு என்று நம் இலக்கணம் காலங்காலமாகப் புழங்கிய சொல்லும் அதுவே. ஆகவே உறுப்பு மாறி, உறுப்புச் செயற்கூறு.

இப்போது அந்த 500க்கு வருவோம். உறுப்பு மாறியின் எல்லை வகுப்பு முழுவதும். கன்ஸ்ட்ரக்டர் வாங்கிய 'இருப்பு'க்கோ அந்தக் கன்ஸ்ட்ரக்டர் மட்டுமே எல்லை. இரண்டும் ஒரே இடத்தில் சந்தித்தால் உள் எல்லையில் இருப்பது வெளியே இருப்பதை மறைத்துவிடும். எனவே அந்த வரியில் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே மாறிதான்; 500ஐ எடுத்து அது இருந்த மாறியிலேயே திரும்பப் போட்டிருக்கிறோம். உறுப்பு மாறி தன் தொடக்க மதிப்பான 0இலேயே நின்றுவிட்டது. இடப்பக்கம் 'திஸ்.இருப்பு', அதாவது 'இந்தக் கணக்கின் இருப்பு' என்று எழுதினால் சரியாகிவிடும்.

பைத்தான் மொழியில் இந்தக் குழப்பம் எழாது. அங்கே வகுப்பின் எல்லை செயற்கூறுகளுக்குள் நீளாது. உறுப்பு வேண்டுமென்றால் 'செல்ஃப்' என்று அந்த ஆப்ஜெக்டைச் சொல்லித்தான் கேட்க வேண்டும்.