பயிர் குத்தகைக்காரருடையது, முயல் யாருடையது? 1880-ல் பிரிட்டன் சொன்ன பதில்

காட்டுப்பன்றி பயிரைக் கிளறிப் போட்டுவிட்டது என்று என்னிடம் ஆலோசனைக்கு வரும் விவசாயிகளில் பலர் குத்தகைக்கு உழுகிறவர்கள். பட்டா வேறொருவர் பெயரில், நட்டம் இவர்கள் தலையில். "பயிர் என்னுடையதுதானே, அதைக் காப்பாற்ற எனக்கு உரிமை இல்லையா?" என்று கேட்பார்கள். பிரிட்டனில் இதே கேள்வி சுமார் இருநூறு ஆண்டுகள் ஓடியது. அந்த வரலாற்றை விவசாய வழக்குகள் நடத்துகிறவர்களும் விவசாயிகளும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

இங்கிலாந்தின் 1671 வேட்டைச் சட்டப்படி, ஆண்டுக்கு 100 பவுண்டு வருமானம் தரும் சொந்த நிலமோ அதற்கு ஈடான தகுதியோ இருப்பவர்தான் வேட்டையாடலாம். தன் வயலில் மேயும் முயலைக்கூடச் சாதாரண விவசாயி தொட முடியாது. 1831-ல் அந்தச் சொத்துத் தகுதி போனது. ஆனால் குத்தகைப் பத்திரத்தில் "வேட்டை உரிமை எனக்கே" என்று நிலக்கிழார் ஒரு வரி சேர்த்துக்கொள்ள அந்தச் சட்டம் இடம் கொடுத்தது. பெரிய பண்ணைகளில் அந்த வரி சர்வசாதாரணமாக இடம்பெற்றது. நிலக்கிழாரும் விருந்தாளிகளும் சுட்டு மகிழ்வதற்காக விலங்குகள் பெருகின. அவை தின்றது குத்தகைக்காரரின் கோதுமையையும் டர்னிப்பையும். தடுக்கப் போனால் அவருக்கே அபராதம்.

1879-ல் ஓயாத மழையில் விளைச்சல் படுத்தது. அடுத்த ஆண்டு கிளாட்ஸ்டன் ஆட்சிக்கு வந்ததும், உள்துறை அமைச்சர் வில்லியம் ஹார்கோர்ட் ஒரு மசோதா கொண்டுவந்தார். அதுதான் 1880 செப்டம்பரில் 'கிரவுண்ட் கேம்' (முயல்களைக் குறிக்கும் பெயர்) சட்டமானது. முயலில் அங்கே இரண்டு இனம்: வளை தோண்டி வாழ்வது ஒன்று, வெட்டவெளியில் படுப்பது இன்னொன்று. இரண்டையும் கொல்லும் உரிமை நிலத்தை அனுபவத்தில் வைத்திருப்பவருக்கு, அதாவது அதில் பயிர் செய்கிறவருக்கு, உண்டு என்றும், அந்த உரிமையை அனுபவத்திலிருந்து பிரிக்கவே முடியாது என்றும் சட்டம் சொன்னது. நிலக்கிழாரின் வேட்டை உரிமையும் கூடவே நீடிக்கலாம். ஆனால் அவர் குத்தகைக்காரரைத் தடுக்க முடியாது.

இதில் என்னை மிகவும் ஈர்ப்பது மூன்றாவது பிரிவு. உரிமையை விட்டுக்கொடுப்பதாகக் குத்தகைக்காரர் கையெழுத்துப் போட்டாலும் அது செல்லாது. "குத்தகையைக் குறைக்கிறேன், முயலைத் தொடாதே" என்று ஆசை காட்டி வாங்கிய ஒப்பந்தமும் செல்லாது. ஒப்பந்தச் சுதந்திரத்தில் அரசு கை வைக்கலாமா என்று அப்போது எதிர்ப்பு கிளம்பியது. நிலம் கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயத்தில் இருப்பவர் போடும் கையெழுத்தில் என்ன சுதந்திரம் இருக்கிறது? சட்டம் எழுதியவர்களுக்கு அது புரிந்திருந்தது. அந்தப் பிரிவு இல்லாவிட்டால், அடுத்த குத்தகைப் பத்திரத்திலேயே அந்தப் பழைய வரி திரும்பி வந்திருக்கும்.

அதற்காக எப்படியும் கொல்லலாம் என்று விட்டுவிடவில்லை. விஷம் கூடாது. இரவில் துப்பாக்கி கூடாது. விசைப்பொறியை முயல் வளைக்குள் மட்டுமே வைக்கலாம். குத்தகைக்காரரைத் தவிர இன்னும் ஒரே ஒருவர்தான் துப்பாக்கி எடுக்கலாம், அதுவும் எழுத்து மூலம் அனுமதி பெற்று.

மான், பெசன்ட் கோழி, கௌதாரி எல்லாம் இந்தச் சட்டத்துக்குள் வரவில்லை. அவை செய்யும் சேதத்துக்கு 1906 சட்டம் இழப்பீடு கொடுத்தது. ஏக்கருக்கு ஒரு ஷில்லிங்குக்கு மேல் சேதமானால் நிலக்கிழார் பணம் தர வேண்டும். சேதத்தைப் பார்த்ததும் குத்தகைக்காரர் எழுத்தில் தெரிவித்து, அறுவடை தொடங்கும் முன் நிலக்கிழார் வந்து பார்க்க அவகாசம் தர வேண்டும் என்பது நிபந்தனை.

சரி, நம் ஊருக்கு வருவோம். இங்கே வனவிலங்கு நிலக்கிழாரின் விளையாட்டுப் பொருள் இல்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்படும் உயிர். அதனால் 1880 உரிமையை அப்படியே இங்கே கேட்க முடியாது. பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுடவும் அதிகாரம் பெற்ற வன அலுவலரின் எழுத்து அனுமதி வேண்டும். 2025 தொடக்கத்தில் தமிழ்நாடு அரசு அறிவித்த ஏற்பாட்டிலும், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினர்தான் சுடலாம், விவசாயி அல்ல. அவுட்டுக்காய் (விலங்கு கடித்தால் வெடிக்கும் நாட்டு வெடி) வைப்பதும் வேலியில் திருட்டு மின்சாரம் விடுவதும் குற்றம். அந்தக் கம்பியில் பன்றிக்கு முன் பக்கத்துத் தோட்டத்துக்காரரே சிக்கி உயிரை விடலாம். தயவுசெய்து அந்த வழிக்குப் போகாதீர்கள்.

ஆனால் இழப்பீட்டுக்கு அந்த 1906 நடைமுறை இன்றும் நல்ல வழிகாட்டி. பயிர் சேதமானால் முதலில் வயலைச் சுத்தம் செய்யாதீர்கள். கால்தடமும் கிளறிய மண்ணும் தெரியும்படி படம் எடுத்து, அன்றே வனச்சரக அலுவலகத்திலும் கிராம நிர்வாக அலுவலரிடமும் எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அப்புறம், வாய்மொழிக் குத்தகையோடு நிற்காதீர்கள். குத்தகை உரிமைப் பதிவேட்டுக்கு 1969-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அதில் உங்கள் பெயரைப் பதிய வட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரித்து மனு கொடுங்கள். நான் பார்த்த வரை, பட்டா இல்லை என்று திருப்பி அனுப்பப்படும் இழப்பீட்டு மனுக்களுக்கு அந்தப் பதிவைவிட வலுவான பதில் வேறில்லை.