பழைய கிட்டாரா, புதுசா? முதலில் நெக்கைப் பாருங்கள்

சித்திரை பிறந்துவிட்டால் என் மேசைக்கு ஒரே புகார்தான் வரும். "அண்ணா, நெக்குல கையை ஓட்டினா ஓரம் கீறுது." மழைக்காலத்தில் வாங்கிய புது எலக்ட்ரிக் கிட்டாராக இருக்கும். வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது கிட்டாரின் கழுத்தான நெக்கில் விரல் வைக்கும் பிங்கர்போர்டு மரம் காய்ந்து சுருங்குகிறது. அதில் குறுக்கே பதித்த பிரெட் கம்பி உலோகம், சுருங்காது. அதனால் முனை வெளியே நீட்டிக்கொள்கிறது. அரம் போட்டு மழுக்கினால் சரியாகிவிடும். இதற்காகக் கிட்டாரை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடாதீர்கள்.

போன கோடையில் காட்பாடியிலிருந்து ஒரு தம்பி வந்தான். சபையில் வாசிக்கிறவன். கையில் 15,000 ரூபாய்க்கு வாங்கிய புதுசும், 22,000 கேட்கிறார்கள் என்று பார்க்க எடுத்து வந்த பழசும். பழசை மடியில் வைத்ததும் எனக்கே ஆசை வந்தது. பல வருடம் கை பட்டு நெக்கின் பின்புறம் வழுவழுவென்று இருந்தது. ஆனால் முதல் மூன்று பிரெட்டுகளிலும் கம்பி பதிந்த பள்ளம். புது பிரெட் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் உயரம் இருக்கும். இதில் பாதிதான் மிச்சம்.

அதைக்கூட மாற்றிவிடலாம். முதல் பிரெட்டிலும் கடைசி பிரெட்டிலும் சேர்த்து ஒரு கம்பியை அழுத்தினேன். எட்டாம் பிரெட் மேல் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி போதும். இதில் நாலைந்து கார்டு நுழைந்தது. நெக் அவ்வளவு வளைந்திருந்தது. வளைவை நிமிர்த்த நெக்குக்குள் இருக்கும் இரும்புத் தண்டான டிரஸ் ராடையோ ஏற்கெனவே கடைசிவரை முறுக்கியிருந்தார்கள். வேண்டாம் என்றேன்.

பழசே ஆகாது என்று சொல்லவில்லை. பல கோடை பார்த்தும் நேராக நிற்கிற, ராடில் இன்னும் திருப்பு மிச்சமிருக்கிற நெக் கிடைத்தால் விடாதீர்கள். விற்பவரையே கால் சுற்று திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். வால்யூம் குமிழ் கரகரப்பதெல்லாம் சின்ன வேலை.

அப்புறம், பிங்கர்போர்டு மரத்தின் பெயரைப் பார்த்தும் பயப்பட வேண்டாம். 2017-ல் ஈட்டி மர இனம் முழுவதும் சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுக்குள் வந்ததும், விலை குறைந்த கிட்டார்களில் வேறு மரங்கள் நுழைந்தன. 'இந்தியன் லாரல்' என்று போட்டிருந்தால் அது நம் கருமருதுதான். உறுதியான மரம்.

தம்பியின் புதுசில் நெக் நேராகத்தான் இருந்தது. நெக்கின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் நட்டின் பள்ளங்கள் மட்டும் மேலே நின்றதால் முதல் பிரெட்டில் பிடிக்கிற கார்டு, அதாவது பல சுரங்களைச் சேர்த்து மீட்டும் பிடி, எல்லாம் சுருதி ஏறிக் கேட்டது. பள்ளங்களை ராவி இறக்கினேன். சாயங்காலம் எஃப் கார்டு பிடித்தான். சுருதி விலகவில்லை. இன்னொரு தடவை பிடித்துப் பார்த்துவிட்டு, பழசைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பினான்.