வென்டிலேட்டரின் காற்று எட்டாத நடுச்செவி

வென்டிலேட்டரில் பல நாட்களாக இருக்கும் நோயாளிக்கு மயக்க மருந்தைக் குறைத்த பிறகு, பெயர் சொல்லி அழைத்தும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை என்றால், ஐயம் முதலில் மூளையின் மீதே விழுகிறது. அவருடைய செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருக்கக்கூடும் என்பது பெரும்பாலும் தாமதமாகவே நினைவுக்கு வருகிறது. தொண்டையில் குழாய் இருப்பதால், காது அடைத்திருக்கிறது என்று அவராலும் சொல்ல இயலாது.

நடுச்செவி, காற்று நிறைந்த ஒரு சிறிய அறை. சிரை இரத்தத்தில் கரைந்துள்ள வாயுக்களின் மொத்த அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைவிடக் குறைவு என்பதால், அறையின் உட்சவ்வில் ஓடும் இரத்தம் அந்தக் காற்றை ஓயாமல் உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. குறைந்த காற்றை ஈடுசெய்வது, மூக்கின் பின்புறத்திலிருந்து நடுச்செவிக்குச் செல்லும், ஏறத்தாழ 35 மில்லிமீட்டர் நீளமுள்ள யூஸ்டேஷியன் குழல். அது வழக்கமாக மூடியே இருக்கும். எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் மெல்லண்ணத் தசை ஒன்று அதன் சுவரை இழுத்துக் கணநேரம் திறக்கிறது. மயக்க மருந்தும் தசைத் தளர்த்தி மருந்தும் விழுங்குதலை அடக்கிவிட்டால், உறிஞ்சுதல் தொடர்கிறது, நிரப்புதல் நின்றுவிடுகிறது.

இவ்வளவு அழுத்தத்தோடு காற்றைச் செலுத்தும் கருவி காதுக்கும் சிறிது அனுப்பாதா என்று கேட்கத் தோன்றும். அனுப்பாது: மூச்சுக்குழலில் உள்ள குழாயைச் சுற்றி ஊதப்பட்ட சிறு பலூன் அந்த அழுத்தத்தை நுரையீரல் பக்கமே நிறுத்திவிடுகிறது. கழுத்தில் துளையிட்டுக் குழாய் பொருத்தியவருக்கும் இதே நிலைதான். முகக்கவசம் வழியாக அழுத்தக் காற்று பெறுபவருக்கோ, அது மூக்கின் பின்புறத்தை எட்டுவதால், நடுச்செவியின் அழுத்தம் உயரவே வாய்ப்புண்டு.

காற்று குறைந்த அறையில் செவிப்பறை உள்நோக்கி இழுபடுகிறது. சவ்விலிருந்து நீர் கசிகிறது. மூக்கு வழியே செலுத்திய குழாய், யூஸ்டேஷியன் குழலின் வாயருகே உரசி வீக்கத்தை உண்டாக்குவதும், மல்லாந்தே கிடப்பதால் சவ்வில் இரத்தம் தேங்குவதும் நிலையை மோசமாக்குகின்றன. தேங்கிய நீரில் கிருமி வளர்ந்தால், காரணம் தெரியாத காய்ச்சலாக அது வெளிப்படலாம். கிருமி இல்லாவிட்டாலும் கேட்கும் திறன் 20 முதல் 30 டெசிபல் வரை குறையக்கூடும்; காதை விரலால் அடைத்துக்கொண்டு, கருவிகளின் ஒலிக்கு நடுவே ஒருவர் பேசுவதைக் கேட்பது போன்றது அது.

காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தால் பளபளப்பிழந்த செவிப்பறைக்குப் பின்னால் மஞ்சள் நிற நீரும், சில வேளைகளில் குமிழிகளும் தென்படும். நோயாளியின் ஒத்துழைப்பு தேவைப்படாத சோதனை டிம்பனோமெட்ரி: காதுத் துளையின் அழுத்தத்தை மாற்றிக்கொண்டே 226 ஹெர்ட்ஸ் ஒலியைச் செலுத்தும்போது, நீர் இருந்தால் வரைகோடு மேடின்றித் தட்டையாக வரும், குறும்பி அடைத்திருந்தாலும் அப்படியே வரும் என்பதால் முதலில் அதை அகற்றிவிட வேண்டும். சில நுண்ணுயிர்க்கொல்லிகளால் உட்செவியில் நேரும் இழப்பு பெரும்பாலும் மீளாது, நீரால் நேரும் இழப்போ மீளக்கூடியது; இரண்டையும் பிரித்தறிவது அதனாலேயே முக்கியம்.

தலைப்பக்கத்தை உயர்த்துவதும், மூக்கிலுள்ள குழாயை இயன்றால் வாய்வழிக்கு மாற்றுவதும் எளிய முதற்படிகள். நரம்புத்தசை நோயால் மெல்லண்ணமே வலுவிழந்து, ஆண்டுக்கணக்கில் வென்டிலேட்டரைச் சார்ந்திருப்பவருக்கு இவை போதாமல் போகலாம். அப்போது செவிப்பறையில் சிறு கீறலிட்டு நீரை உறிஞ்சி, குரோமெட் என்ற நுண்குழாயைப் பொருத்துகிறார்கள். அதன் பின் நடுச்செவிக்கான காற்று, விழுங்குதலை எதிர்பாராமல், வெளிக்காது வழியாகவே வந்துபோகிறது.