‘அன்அஃபிஷியல் ஹாலிடே’யைத் தமிழில் எப்படிச் சொல்வது?

நாட்காட்டி ஒன்றைத் தமிழாக்கும்போது ஜூன் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமைக்கு நேரே ‘நேஷனல் டோனட் டே’ என்றும், அதன் கீழே ‘அன்அஃபிஷியல் ஹாலிடே’ என்றும் இருந்தது. நான் அதிகம் யோசிக்காமல் ‘தேசிய டோனட் தினம் – அதிகாரப்பூர்வமற்ற விடுமுறை’ என்று எழுதிவிட்டேன். படித்துப் பார்த்த நண்பர் கேட்டார்: “அதிகாரப்பூர்வமற்ற விடுமுறை என்றால் என்ன? சொல்லாமல் கொள்ளாமல் லீவு போடுவதா?”

நியாயமான கேள்விதான். அமெரிக்காவில் அந்த வெள்ளிக்கிழமை யாருக்கும் விடுமுறை கிடையாது. வங்கி உண்டு, தபால் உண்டு, அலுவலகம் உண்டு. அங்கே தேசிய அரசு அந்த நாளுக்கென்று எதையும் அறிவித்து வைத்திருக்கவும் இல்லை. ஆக ‘தேசிய’ தவறு, ‘விடுமுறை’ தவறு. ‘அதிகாரப்பூர்வமற்ற’ என்பது தவறில்லை, ஆனால் திருட்டு வேலை மாதிரி ஒலிக்கிறது. ‘தினம்’ எப்படிக் காலை வாரிவிடுகிறது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஹாலிடே. ‘ஹோலி’, ‘டே’ என்ற இரண்டு சொற்கள் பழைய ஆங்கிலத்திலேயே ஒட்டிப் பிறந்த சொல் இது. நேர்ப்பொருள் புனித நாள். புனித நாளில் வேலை செய்யக் கூடாது என்பதால் வேலையில்லாத நாள் என்ற பொருளும் கூடவே வந்து சேர்ந்தது. காலப்போக்கில் புனிதம் கழன்றுகொள்ள, ஓய்வு மட்டும் மிஞ்சியது. அதுவும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மிஞ்சவில்லை. பிரிட்டனில் ஹாலிடே என்றால் விடுமுறை, ஊர் சுற்றப் போவது. அமெரிக்காவில் அதற்கு வெகேஷன் என்று வேறு சொல் இருக்கிறது. அங்கே ஹாலிடே என்றதும் மனதில் வருவது விழா நாள். நாம் படித்தது பிரிட்டிஷ் ஆங்கிலம், இந்தச் சொல்லோ அமெரிக்காவிலிருந்து வருகிறது. ‘ஹேப்பி ஹாலிடேஸ்’ என்பதை ‘இனிய விடுமுறை வாழ்த்துகள்’ என்று சிலர் எழுதுவதும் இதே சறுக்கல்தான்.

பேச்சில் நாம் சொல்லும் ‘லீவு’ இதைவிட நேர்மையானது. ஆங்கிலத்தில் அதற்கு அடிப்படைப் பொருள் அனுமதி. மேலிடத்தில் கேட்டு வாங்குவது. நாம் அதோடு ‘விடு’ சேர்த்து ‘லீவு விட்டாச்சு’ என்கிறோம். விடுமுறை, விடுப்பு இரண்டிலும் இருப்பது அதே ‘விடு’தான். ஒருவர் விட்டால்தான் விடுமுறை. யாரும் விடாத நாளுக்கு அந்தப் பெயர் எப்படிப் பொருந்தும்?

அடுத்து ‘நேஷனல்’. அமெரிக்காவில் கூட்டாட்சி அரசு ஊழியர்களுக்குச் சட்டப்படி உள்ள விடுமுறை நாட்கள் 11. ஜூன் 19-ஐ 2021-இல் சேர்த்த பிறகு வந்த கணக்கு இது. மற்றபடி ஆண்டு முழுக்க இறைந்து கிடக்கும் ‘நேஷனல்’ நாட்களில் அரசுக்குப் பெரும்பாலும் சம்பந்தமில்லை. சில நேரம் இருந்தது உண்டு. 1984-இல் அதிபர் ரீகன் ஜூலையை ஐஸ்கிரீம் மாதமாகவும், ஜூலை 15-ஐ ஐஸ்கிரீம் நாளாகவும் முறைப்படி அறிவித்தார். அந்தத் தேதி மாதத்தின் மூன்றாம் ஞாயிறு. மக்கள் அந்த ஞாயிறைப் பிடித்துக்கொண்டார்கள். இப்படி நாள் கேட்டு வரும் மசோதாக்களின் தொல்லை தாங்காமல், இனி அவற்றை ஏற்பதில்லை என்று பிரதிநிதிகள் சபை 1995-இல் தன் விதியையே மாற்றியது.

அரசு கதவைச் சாத்தினாலும் யாரும் நிற்கவில்லை. மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரில் ஒரு செய்தித்தாளில் நூலகராக இருந்த வில்லியம் சேஸ், தன் சகோதரர் ஹாரிசனோடு சேர்ந்து 1957-இலேயே இப்படிப்பட்ட நாட்களுக்கென்று ஓர் ஆண்டுத் தொகுப்பைத் தொடங்கியிருந்தார். எந்த நாளில் என்ன என்று தேடி அலையாமல் ஒரே இடத்தில் பார்க்க வேண்டும் என்பதுதான் அவர் எண்ணம். அது இன்றும் ‘சேஸஸ் காலண்டர்’ என்ற பெயரில் வருகிறது. 2013-இல் வடக்கு டகோட்டாவின் மாண்டன் நகரில் மார்லோ ஆண்டர்சன் ‘நேஷனல் டே காலண்டர்’ தொடங்கினார். இவர்கள் சொல்லும் ‘நேஷனல்’, ‘இது எங்கள் ஊரோடு நிற்பதில்லை’ என்கிற அளவுக்குத்தான். தமிழில் ‘தேசிய’ அப்படி இலேசான சொல் இல்லை. தேசியக் கொடி, தேசிய கீதம், தேசியப் பறவை என்று கனத்த கூட்டாளிகள் அதற்கு. டோனட்டை அந்த வரிசையில் நிறுத்தினால் படிப்பவர் அரசாணையைத் தேடுவார். எனவே பேசாமல் ‘தேசிய’வை எடுத்துவிடலாம். எதுவும் குறைந்துபோகாது.

சரி, ‘தினம்’ என்ன பாவம் செய்தது? வடமொழிச் சொல் என்பதல்ல என் குறை, பழகிய சொல்தான். ஆனால் தமிழில் அதற்கு ‘அன்றாடம்’ என்ற பொருளும் உண்டு. டோனட் தினம் ஆண்டுக்கு ஒருமுறை வரும். சொற்களை இடம் மாற்றி ‘தினம் டோனட்’ என்று போட்டால் வைத்தியரிடம் போக வேண்டியிருக்கும். ‘நாள்’ என்பதில் இந்தக் குழப்பம் இல்லை. தவிர, அதற்குள்ளேயே ஒரு விசேஷம் இருக்கிறது. பழைய தமிழில் நாள் என்றால் விண்மீனும்கூட. அதனால்தான் நல்ல நேரம் பார்ப்பது ‘நாள் பார்ப்பது’ ஆயிற்று. ‘நல்ல நாள் பெரிய நாள்’ என்று பேச்சில் சொல்லும்போது விழா என்ற சொல்லே இல்லாமல் விழா வந்துவிடுகிறது. திருநாள், பெருநாள், பிறந்த நாள் எல்லாம் இதன் பிள்ளைகள்.

விழாவைக் குறிக்கப் பழந்தமிழில் ‘சாறு’ என்றொரு சொல்லும் இருந்தது. இன்று அது பிழிந்து எடுப்பதை மட்டும் குறிக்கிறது. உணவின் பெயரால் நடக்கும் கொண்டாட்டங்களுக்கு அதை மீட்டெடுத்தால் என்ன என்று ஒரு கணம் ஆசைப்பட்டேன். ஆனால் ‘டோனட் சாறு’ என்பதைப் படிப்பவர் நிலைமையையும் பார்க்க வேண்டும் அல்லவா.

‘நாளும் கிழமையும்’ என்ற வழக்கில் வரும் ‘கிழமை’ இன்னும் சுவையானது. கிழமை என்றால் உரிமை. கிழவன், கிழத்தி என்பவர்கள் சங்கப் பாடல்களில் முதியவர்கள் அல்லர், உரியவர்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் ஞாயிற்றுக்கு உரிமையான நாள். அப்படியானால் டோனட்டுக்கு உரிய நாள் டோனட் கிழமை! இலக்கணப்படி ஒரு பிசகும் இல்லை. வாரத்தில் எட்டாவது நாளா என்று கேட்பார்கள் என்பதால் விட்டுவிட்டேன்.

உரிமை என்றதும் ‘கொண்டாடு’ என்ற வினையைப் பார்க்க வேண்டும். பண்டிகையைக் கொண்டாடுகிறோம், உரிமையும் கொண்டாடுகிறோம், சொந்தமும் கொண்டாடுகிறோம். மகிழ்வதும் ‘இது என்னுடையது’ என்பதும் தமிழில் ஒரே வினை. ஆங்கிலத்தில் இவற்றுக்கு இரண்டு தனிச் சொற்கள் வேண்டும். இந்த நாட்களின் பிறப்புக் கதைகளைப் புரட்டினால் தமிழ் வினைதான் இவற்றுக்குச் சரியாகப் பொருந்துகிறது என்று தோன்றும்.

டோனட் நாளையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் உலகப் போரின்போது 1917-இல் இரட்சணிய சேனை என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பின் பெண் தொண்டர்கள் பிரான்சுக்குப் போய், போர்முனைக்கு அருகே அமெரிக்கச் சிப்பாய்களுக்கு டோனட் பொரித்துக் கொடுத்தார்கள். மாவும் சர்க்கரையும் கொழுப்பும் இருந்தால் போதும், அடுப்பு வைத்து முறையாகச் சுட வசதி இல்லாத இடத்திலும் செய்துவிடலாம். 1938-இல் சிகாகோவில் அந்தச் சேனை, அவர்களை நினைவுகூரவும் நிதி திரட்டவும் டோனட் நாளைத் தொடங்கியது. அங்கே கொண்டாட்டத்தில் நன்றி இருந்தது. மாறாக, அக்டோபர் மூன்றாம் சனிக்கிழமை வரும் ‘ஸ்வீட்டஸ்ட் டே’ கிளீவ்லாந்தின் மிட்டாய் வியாபாரிகள் கூடிக் கிளப்பியது. இந்த ரகத்தை அமெரிக்கர்கள் வாழ்த்து அட்டை நிறுவனத்தின் பெயரால் ‘ஹால்மார்க் ஹாலிடே’ என்று கிண்டல் செய்வார்கள். இதற்குத் தமிழில் ‘கடைக்காரர் பண்டிகை’ என்றால் கிண்டலும் அப்படியே வந்துவிடும்.

உரிமை கொண்டாடுவதில் உச்சம் பென்சில்வேனியாவின் தாமஸ் ராய், ரூத் ராய் தம்பதி. இவர்கள் பொழுதுபோகாமல் உருவாக்கிய நாட்கள் ஏராளம். ‘வெல்கேட்’ என்ற பெயரில் அவற்றுக்குக் காப்புரிமையும் கொண்டாடுகிறார்கள். பிப்ரவரி 20 அன்று நண்பகலில் வெளியே வந்து ‘ஹூடி ஹூ’ என்று கத்திக் குளிர்காலத்தை விரட்டும் நாள் அவற்றில் ஒன்று.

இதில் தெளிவாக இருப்பவர்கள் ஜப்பானியர்கள். சட்டப்படியான விடுமுறை நாளை ‘ஷுகுஜித்சு’ என்பார்கள். மற்ற நாளை ‘கினென்பி’ என்பார்கள். இரண்டையும் போட்டுக் குழப்புவதில்லை. கினென்பிகளைப் பதிவு செய்யவென்றே 1991 முதல் அங்கே ஒரு சங்கம் இயங்குகிறது. எண்களின் உச்சரிப்பை வைத்து விளையாடுவது அவர்கள் பாணி. இரண்டுக்கு ‘நி’ என்பதால் 2/22 பூனைகளின் நாள். அங்கே பூனை கத்துவது ‘நியா’. 11/22-ஐ ‘ஈ ஃபூஃபு’ என்றும் வாசிக்கலாம், அதற்கு நல்ல தம்பதி என்று பொருள். எனவே அது கணவன் மனைவிக்கான நாள்.

‘கினென்பி’யை அப்படியே பெயர்த்தால் ‘நினைவு நாள்’. அதைத் தொடவே கூடாது. தமிழில் நினைவு நாள் என்றால் யாரோ இறந்திருக்கிறார்கள். செய்தித்தாள்கள் எழுதும் ‘அனுசரிக்கப்படுகிறது’ என்பதிலும் கொஞ்சம் துக்க வாடை உண்டு. அப்புறம், வீட்டில் ‘அனுசரித்துப் போ’ என்றால் பொறுத்துப் போ என்று அர்த்தம். ‘சாக்லேட் தினம் அனுசரிக்கப்பட்டது’ என்று படிக்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு சாக்லேட் தின்றவர்களின் முகம் கண்ணில் வருகிறது.

அப்படியானால் எதைத்தான் வைப்பது? ‘வேடிக்கை நாள்’ பரவாயில்லை, ஆனால் டோனட் நாளின் நன்றியை அது கேலியாக்கிவிடும். ‘சிறப்பு நாள்’ எதற்கும் ஒட்டும் பசை. நான் கடைசியில் பிடித்தது ‘செல்ல நாள்’. செல்லப்பெயர் பள்ளிச் சான்றிதழில் இராது, அடையாள அட்டையில் இராது. ஆனாலும் வீட்டில் அதுதான் பெயர். எந்த அதிகாரியும் வைத்ததில்லை, பிரியமானவர்கள் வைத்தது. ‘அதிகாரப்பூர்வமற்ற’ என்ற நீளச் சொல் சொல்ல முயல்வது இதைத்தான். ‘இன்று டோனட் நாள், அமெரிக்கர்களின் செல்ல நாட்களில் ஒன்று’ என்று எழுதிப் பார்த்தேன். நண்பர் மறுகேள்வி கேட்கவில்லை. ‘செல்ல’ என்பதைப் ‘போக’ என்று சிலர் வாசிக்கக்கூடும் என்பது உண்மை. தொடரில் வரும்போது அந்தச் சிக்கல் இருக்காது.

செல்லப்பெயரே பதிவேட்டுப் பெயராகிவிடுவதும் உண்டு. அன்னா ஜார்விஸ் 1908-இல் மேற்கு வர்ஜீனியாவின் கிராஃப்டனில் தன் தாய்க்காக நடத்திய வழிபாடு, 1914-இல் அதிபர் வில்சனின் அறிவிப்பால் மே இரண்டாம் ஞாயிறில் தாய்க்கான நாளாக நிலைபெற்றது. தந்தைக்கான நாள் 1910-இல் ஸ்போகேனில் தொடங்கினாலும் சட்டமாக 1972 வரை காத்திருந்தது. தாத்தா பாட்டிகளுக்கு 1978-இல் கிடைத்தது. இதில் அன்னா ஜார்விஸ் ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தார். ‘மதர்’ஸ்’ என்பது ஒருமையில்தான் இருக்க வேண்டும், ஒவ்வொரு வீடும் தன் ஒரு தாயைப் போற்ற வேண்டும் என்றார். நாம் வைத்ததோ ‘அன்னையர் தினம்’, பன்மை. அவர் பயந்தது அப்படியே நடந்துவிட்டது. ‘அம்மா நாள்’ என்றால் அவருடைய ஒருமை தானாக வந்துவிடும். வியாபாரிகள் கைக்கு அந்த நாள் போனதைப் பார்த்து, தான் தொடங்கியதையே எதிர்த்துப் பிற்காலத்தில் போராடினார் அவர். ஏப்ரல் 10-இல் வரும் நாளுக்கு ‘சகோதரர்கள் தினம்’ என்று எழுதுவதும் சரியில்லை, அக்கா தங்கைகளை வெளியே நிறுத்துகிறது. ‘உடன்பிறந்தோர் நாள்’ என்ற தயாரான சொல் இருக்கிறது.

சிலவற்றை மொழிபெயர்க்கவே முடியாது. மார்ச் 14 ‘பை’ நாள், அதாவது சுமார் 3.14 மதிப்புள்ள கணித எண்ணின் நாள். சான் பிரான்சிஸ்கோவின் எக்ஸ்புளோரட்டோரியம் அறிவியல் கூடத்தில் லாரி ஷா 1988-இல் தொடங்கியது. மாதத்தை முன்னால் எழுதும் அமெரிக்கர்களுக்கு அந்தத் தேதி 3/14. ‘பை’ என்ற பண்டத்தையும் வெட்டித் தின்பார்கள். நாளை முன்னால் எழுதும் நாடுகளில் ஜூலை 22 தான் பொருந்தும், 22/7. சொல்லப்போனால் 3.14-ஐ விட அதுதான் உண்மை மதிப்புக்கு நெருக்கம். தமிழில் ‘பை நாள்’ என்றால் தோளில் மாட்டுவதைத்தான் நினைப்பார்கள். இங்கே ‘வட்ட விகித நாள்’ என்று எழுதிவிட்டுச் சிலேடைக்கு ஒரு வரி விளக்கம் போடுவதுதான் வழி.

இன்னொன்று, ராய் தம்பதியினுடையதே. ஆகஸ்டில் அமெரிக்கத் தோட்டங்களில் சுக்கினி காய்த்துக் குலுங்கும். தின்று தீராது, கொடுத்தாலும் வாங்க ஆள் இருக்காது. ஆகஸ்ட் 8 இரவு, ஓசைப்படாமல் போய்ப் பக்கத்து வீட்டு வாசலில் வைத்துவிட்டு வர வேண்டும். ‘செல்ல நாள்’ என்று நான் இவ்வளவு தூரம் வாதாடியது இங்கே உதவவில்லை, அவர்களே அதற்கு ‘நைட்’ என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். ‘அடுத்த வீட்டு வாசலில் சுக்கினியை வைத்துவிட்டு ஓடும் இரவு’ என்று எழுதினேன். கட்டத்துக்குள் அடங்கவில்லை. எழுத்தளவைக் குறைத்து அடக்கிவிட்டார்கள்.